பனிக்கண்ணாடி காட்டிய ஈரம்

நாள் 1. காலை 8.20. உயரம் 20 கி.மீ.

பலூன் நிலைகொண்டுவிட்டது. கீழே மன்னார் வளைகுடா, மேலே பகலிலும் கறுத்த வானம். காற்றடைத்து மூடிய கூண்டுக்குள் நான் ஒருத்திதான்: மரகதவல்லி, வளிமண்டல ஆய்வாளர். இந்தப் பதிவைக் கண்டெடுப்பவருக்கு வேலையைச் சொல்லிவிடுகிறேன். இந்த உயரத்துக் காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறதென்று இரண்டு கருவிகளால் அளந்து ஒப்பிட வேண்டும்.

என்னுடையது பனிக்கண்ணாடி. குளிரவைத்த கண்ணாடியில் எந்த வெப்பநிலையில் பனி படிகிறது என்பதை வைத்துக் கணக்கு. கதவை ஒட்டி வெளிச்சுவரில் இருக்கிறது. மற்றது என் இளைய சகா உமையொருபாகத்தின் லேசர் கருவி. நீண்ட கயிற்றில் வெகு கீழே தொங்குகிறது. உமை தரை நிலையத்தில் இருக்கிறான். விதி ஒன்றுதான்: என் எண்ணைத் தரைக்கு அனுப்பிய பிறகே அவன் கருவியின் எண்ணை நான் திறந்து பார்க்கலாம்.

பனிக்கண்ணாடி 4.2. பத்து லட்சம் மூலக்கூறில் நீர் நாலு சொச்சம். லேசர் 4.1. பிரமாதம். என் வாழ்க்கையில் பாதியை இந்தக் கண்ணாடிக்குக் கொடுத்திருக்கிறேன்.

நாள் 1. மாலை 4.00

பனிக்கண்ணாடி 5.6. லேசர் 4.1.

தரை, உமை: "யக்கா, ஒங்க கண்ணாடிக்கு வேர்த்துப் போச்சா?"

பின்னணியில் எல்லாரும் சிரித்தது கேட்டது. எனக்குக் காது சுட்டது. இவன் லேசர் பிறந்தே மூன்று வருடம்தான் ஆகிறது.

நாள் 2. காலை 9.00

பனிக்கண்ணாடி 7.9. அனுப்பக் கை வரவில்லை. லேசரின் எண்ணை முதலில் திறந்து பார்த்துவிட்டேன்: 4.2. பிறகு நிரலில் ஒரு திருத்தம் செய்தேன். இனி என் கருவி எவ்வளவு காட்டினாலும் வெளியே போகும் எண் லேசரை ஒட்டியே நிற்கும். 4.3 என்று போனது. கொஞ்சம் வித்தியாசம் இருந்தால்தானே நம்புவார்கள்.

தரை, உமை: "சரியாயிட்டே! என்னக்கா செஞ்சீங்க?"

கண்ணாடியைச் சூடாக்கிப் பனியை உருக்கினேன் என்று பதில் அனுப்பினேன். பொய். கேவலமாக இருக்கிறது.

நாள் 3. காலை 11.30

அபாய மணி. சேமிப்புக் காற்றில் முக்கால்வாசி போய்விட்டது. கூண்டு கசியக் கசிய சிலிண்டர் தானாக நிரப்பிக்கொண்டே வந்திருக்கிறது. அதனால் அழுத்தம் குறையவில்லை, யாருக்கும் தெரியவில்லை. கதவு ரப்பர் குளிரில் வெடித்திருக்கிறது. பிளவு பெரிதாகிக்கொண்டே போகிறது. பசை எதுவும் ஒட்டவில்லை.

இப்போதுதான் புரிகிறது. என் மூச்சின் ஈரம் அந்தப் பிளவு வழியே வெளியேறி, பக்கத்தில் இருந்த கண்ணாடியில் பனியாகப் படிந்திருக்கிறது. கயிற்றில் தொங்கும் லேசருக்கு அது எட்டவில்லை. இரண்டு கருவிகளும் சரி.

தரை, உமை: "யக்கா, கசிவு எப்பத் தொடங்குச்சு, எவ்வளவு பெருசுன்னு தெரிஞ்சாத்தான் எறக்குற வேகத்த முடிவு பண்ண முடியும். வேகமா எறக்குனா பலூன் கிழிஞ்சாலும் கிழிஞ்சிரும். ஒங்க கண்ணாடில ஈரம் ஏறிருக்கணுமே, ஏறுச்சா?"

கருவியின் நினைவகத்தைத் திறந்தேன். திருத்தாத எண்: 61.

எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "ஏறவில்லை" என்று அனுப்பினேன்.

தரை, உமை: "அப்போ சின்னக் கசிவுதான். பயப்படாதீங்க. மெதுவா எறக்குதோம்."

நாள் 3. பிற்பகல் 1.10. உயரம் 19.4

இந்த வேகத்தில் காற்று போதாது. தெரிந்தே இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். தலை வெடிக்கிறது. இப்போது அனுப்பிவிட்டேன்: விதியை மீறினேன், எண்களைத் திருத்தினேன், கேட்டபோதும் பொய் சொன்னேன், உண்மையான எண்கள் இதோ.



தரை, உமை: "யக்கா... நேத்தே சொல்லிருந்தா அப்பவே எறக்கிருப்போம்லா. நான் சும்மா கேலிக்குத்தானக்கா சொன்னேன். பலூன் வால்வ முழுசாத் தொறந்துட்டோம். படுத்துக்கிடுங்க. பேசாதீங்க."

நாள் 3. 1.30

சிலிண்டர் காலி. உயிர் போகிற நேரத்தில் பயம்தான் வர வேண்டும். எனக்கு இன்னும் வெட்கம்தான் வருகிறது. அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றுதான் யோசனை. விழிக்கப் போவதில்லை என்பது ஒரு நிம்மதி என்று எழுத வந்தேன். இல்லை. விழிக்க வேண்டும். ஏசட்டும். எவ்வளவு வேண்டுமானாலும் ஏசட்டு

திருத்தத்தை எடுத்துவிட்டேன் இனி வருவது எல்லாம் கண்ணாடி பார்த்தது தான்

உமை லேசர் நல்ல கரு

நாள் 3. 1.50. உயரம் 18.0. தானியங்கிப் பதிவு

கூண்டின் அழுத்தம்: வெளிக்காற்றுக்குச் சமம். வெளியேறும் காற்று: இல்லை.
திருத்தம்: இல்லை.
பனிக்கண்ணாடி 4.1. லேசர் 4.1.
வேறுபாடு இல்லை. ஒப்பீடு நிறைவு.