தேவலை என்று சொல்லாதே

தண்டர் பே
பிப்ரவரி 12, திங்கள்

அன்பு மகள் அன்னெலிக்கு அப்பா எழுதிக்கொண்டது. அங்கே வான்கூவரில் நீயும் உன் பூனையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் நலம் என்று முதலில் எழுதிவிட்டுப் பிறகு அதை அடித்திருக்கிறேன், மேலே பார்த்திருப்பாய். பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. மாத்திரையை வேளாவேளைக்குப் போடுகிறேன், பல்லையும் போய்க் காட்டிவிட்டு வந்தேன். இந்தக் கடிதத்தில் ஒரு பொய்கூட இருக்கக் கூடாது என்று உட்கார்ந்தேன், அதனால்தான் அடித்தேன். பனி இந்த வாரம் முழங்கால் வரைக்கும் வந்துவிட்டது. நான் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் பக்கத்து வீட்டு க்வீடோ தன் இயந்திரத்தைக் கொண்டுவந்து என் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறான். "பெரியவரே, உள்ள போய் காப்பி குடிங்க" என்கிறான், என்னைவிட நாலே வயது சின்னவன். வியாழக்கிழமை பட்டாணி சூப் வைத்தேன். இன்னும் அம்மா வைக்கிற அளவிலேயே வைத்துத் தொலைக்கிறேன், இன்று மத்தியானமும் அதுதான். ஏலக்காய் ரொட்டி மட்டும் எனக்குக் கைவரவில்லை. பின்னி வைத்தால் அடுப்புக்குள் போனதும் அவிழ்ந்துகொள்கிறது.

இதெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல வந்தது வேறு, அது போனில் வராது. நான் பாதி சொல்லும்போதே நீ குறுக்கே புகுந்து சமாதானம் சொல்வாய், நானும் அதோடு வாயை மூடிக்கொள்வேன். ஆகவே எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டு. நாலு ஞாயிறாக வீடியோ போனில் நமக்குள் உன் இடுப்பு வலியைப் பற்றித்தான் பேச்சு. நாளெல்லாம் திரை முன்னால் குந்திக் கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குப் படம் வரைகிற பெண்ணுக்கு வராமல் என்ன செய்யும் என்று நானும் வைத்தியனாகிவிட்டேன். முதல் ஞாயிறு துண்டைச் சுருட்டி இடுப்புக்குப் பின்னால் வை என்றேன். அடுத்த ஞாயிறு தரையில் படுத்துக் காலைத் தூக்கி நாற்காலிமேல் போடு என்றேன், அதற்கடுத்து அரைமணிக்கு ஒரு தரம் எழுந்து நட என்றேன். நேற்று நான் கேட்பதற்கு முன்னாலேயே நீ, "இப்ப தேவலைப்பா, நீங்க சொன்னதெல்லாம் செஞ்சேன், நல்லாக் கேக்குது" என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை, அத்தனை சந்தோஷம். அந்த நேரம் பார்த்து உன் வாசல் மணி அடித்தது. "ஒரு நிமிஷம்பா" என்று நீ இரண்டு கையையும் மேசையில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு எழுந்தாய். போன் நிமிர்ந்து நிற்கிறது, அப்பன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது உனக்கு மறந்துவிட்டது. திரும்பி வந்து சிரித்தாய், நானும் சிரித்தேன். உன் அம்மா அச்சாக அப்படித்தான் எழுந்திருப்பாள்.

அம்மா விஷயத்தில் உனக்குத் தெரிந்தது பாதிதான், மீதியை நான் ஆறு மாதமாக வயிற்றுக்குள் வைத்திருக்கிறேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் செப்டம்பரில் அவளுக்கு வலி ஆரம்பித்தது உனக்குத் தெரியும். தொலைபேசிக் கம்பெனியின் புகார் மேசை, காதில் மாட்டிக்கொண்டு எட்டு மணிநேரம் ஊரார் வசவைக் கேட்கிற வேலை. அலுவலகத்தை மூடி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிய பிறகு உன் அறையில்தான் உட்கார்ந்து வேலை பார்த்தாள். ரயில்வேயில் முப்பத்தொரு வருஷம் நின்றே வேலை பார்த்தவன் நான், எனக்கு ஒருநாளும் முதுகு வலித்ததில்லை. அதனால் உலகத்து முதுகுவலிக்கெல்லாம் நாற்காலிதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டேன். டாக்டரும் மேசை வேலைக்காரர்களுக்கு இது சகஜம்தான் என்றார். ஆனால் ஆறு வாரத்தில் குறையவில்லை என்றால் ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுவோம் என்றும் சொன்னார். அந்த இரண்டாவது பாதி என் காதில் விழவேயில்லை. கொட்டகையில் மூன்று வாரம் குளிரில் நின்று, அவள் முழங்கை உயரத்துக்கு அளவெடுத்து, நின்றபடி வேலை பார்க்க ஒரு மேசை செய்தேன். நல்ல பிர்ச் மரம். நன்றி விழாவுக்கு நீ வந்திருந்தபோது தட்டிப் பார்த்து "அப்பா, இதுமேல யானையே ஏறி நிக்கலாம்" என்றாயே, அதே மேசைதான். நான் அதோடு விட்டேனா? நாற்காலி கண்ணில் பட்டால் உட்காரத் தோன்றும் என்று அதைத் தூக்கிக் கொட்டகையில் போட்டுப் பூட்டிவிட்டேன். "பூட்டு எதுக்கு வெய்க்கோ, நான் என்ன சர்க்கரைப் பாகைத் திருடற குழந்தையா" என்று கேட்டாள். "நீ அதைவிட மோசம்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஆறு வாரம் கழித்து டாக்டர் போனில் கூப்பிட்டார். சமையலறையில் ஒலிபெருக்கியில் போட்டுப் பேசினாள், நான் எதிரே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். வலி எப்படியிருக்கிறது என்று கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "இப்ப தேவலை டாக்டர், இவரு நின்னு வேலை பாக்க எனக்கு ஒரு மேசை செஞ்சு குடுத்திருக்காரு" என்றாள். அப்படியானால் ரத்தப் பரிசோதனை இப்போதைக்கு வேண்டாம் என்று அவர் வைத்துவிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா அன்னெலி? கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பெருமையில் இளித்தேன். அன்று சாயங்காலமே க்வீடோவைக் கூட்டிக்கொண்டு வந்து மேசையைக் காட்டினேன். உனக்கும் ஒன்று செய்து தரட்டுமா என்றுகூடக் கேட்டேன்.

குளிர்காலம் பூராவும் அவள் சனிக்கிழமை சவுனாவில் வெந்நீராவி பிடிக்கும்போது சூடு அதிகமான மேல் பலகைக்கு ஏறவில்லை. கீழ்ப் பலகையில்தான் உட்காருவாள். குழந்தைகள் உட்காருகிற பலகையில் உனக்கென்ன வேலை என்று கிண்டல் செய்தேன். சூடு தாங்கவில்லை என்றாள். நாற்பது வருஷமாக என்னைவிட அதிகச் சூட்டில் உட்கார்ந்தவள், திடீரென்று சூடு தாங்கவில்லை என்றால் மனுஷனுக்கு உறைக்க வேண்டாமா? ஏப்ரலில் பூட்ஸ் மாட்டக் குனிந்தாள், முதுகெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தால் எலும்பு உள்ளே பூராவும் அரித்துப்போயிருந்தது. எலும்பு மஜ்ஜையில் புற்று. இது பல மாதமாக வலித்திருக்குமே என்று அந்த டாக்டரம்மா கேட்டபோதும் அம்மா என்னைத்தான் பார்த்தாள். "எனக்கே தெரியல, நடுவுல நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். நான் அந்த டாக்டரம்மாவைத் தனியாக வராந்தாவில் மறித்து, முன்கூட்டியே தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, சிலருக்கு மருந்திலேயே வருஷக்கணக்கில் ஓடும் என்றார். அம்மாவுக்கு நாலு மாதம்தான் ஓடியது.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் நீ காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாய். அப்போது அம்மாவோடு வேலை பார்த்த டோரீன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாவம், எனக்கு ஆறுதல் சொல்லத்தான் வந்தாள். உங்க ஹெல்வி உங்கமேல உசுரையே வச்சிருந்தா என்று ஆரம்பித்து ஒரு கதை சொன்னாள், சிரித்துக்கொண்டே சொன்னாள். குளிர்காலம் பூராவும் ஹெல்வியின் குரல் போனில் எதிரொலிக்குமாம். "எங்கடி உக்காந்து பேசற, பீப்பாய்க்குள்ளயா" என்று இவள் கேட்டாளாம். "குளியலறைல, தொட்டி விளிம்புல உக்காந்திருக்கேன். அவரு கடைக்குப் போயிருக்காரு. கார் சத்தம் கேட்டா எந்திரிச்சுப் போயி மேசைகிட்ட நின்னுக்குவேன்" என்றாளாம் அம்மா. அவர்கிட்ட சொல்லித் தொலைய வேண்டியதுதானே, ஒரு நாற்காலிக்கா இத்தனை பாடு என்று இவள் கேட்டதற்கு, "மூணு வாரம் குளிர்ல நின்னு செஞ்சிருக்காரு டோரீன். தினமும் வந்து எப்படியிருக்குன்னு கேட்டுட்டு வாசல்லயே நிக்கறாரு. அந்த முகத்தைப் பாத்து என்னத்தச் சொல்ல" என்றாளாம். நானும் டோரீனோடு சேர்ந்து சிரித்தேன். ரொட்டித் துண்டு தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது நீதான்.

நான் கடைக்குப் போனால் சாமான் வாங்கியதும் வந்துவிடுகிற ஆள் இல்லை, உனக்குத் தெரியும். ஆணி பார்ப்பேன், பலகை பார்ப்பேன், யாராவது அகப்பட்டால் ஒரு மணிநேரம் பேசுவேன். இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருக்கக் கூடாதா, அவள் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாளே என்றுதான் இப்போது நினைப்பு ஓடுகிறது. பைத்தியக்காரத்தனம்தான். அடக்கத்துக்கு மறுநாள், நீ விமானம் ஏறிய பிறகு, கோடாரியை எடுத்துக்கொண்டு போய் மேசையை உடைக்கப் பார்த்தேன். உடையவில்லை. அவ்வளவு நன்றாகச் செய்து தொலைத்திருக்கிறேன். நாற்காலியைக் கொட்டகையிலிருந்து எடுத்துவந்து துடைத்துப் போட்டேன், யார் உட்கார? சில நாள் அவள்மேலேயே கோபம் வருகிறது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை, "போடா, உன் மேசையும் நீயும், எனக்கு வலிக்குது" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதானே. நம் ஆட்களே இப்படித்தான். சவுனாவில் அம்மணமாக உட்கார வெட்கப்படாத ஜனம், வலிக்கிறது என்று சொல்ல மட்டும் வெட்கப்படும். ஆனால் அவள் வெட்கப்பட்டா சொல்லாமல் இருந்தாள்? என் முகம் வாடும் என்று சொல்லாமல் இருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது நீ. உன் வலி நாற்காலி வலியாகத்தான் இருக்கும், அப்படியே இருக்கட்டும். அம்மாவுக்கு வந்தது உனக்கும் வரும் என்று நான் சொல்லவில்லை, அது சாதாரணமாக அப்படி இறங்கி வருகிற நோயில்லை என்று டாக்டரம்மாவே சொன்னார். ஆனாலும் இந்த வாரம் போய்க் காட்டு. அம்மாவுக்கு என்ன இருந்தது என்று சொல்லி, ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லி நீயாகவே கேள். தேவையில்லை என்றால் இன்னொரு தரம் கேள். ராத்திரியிலும் வலிக்கிறதா என்று கேட்டால் உள்ளதைச் சொல். என் துண்டு, என் தரைப் படுக்கை எல்லாவற்றையும் தூக்கிக் குப்பையில் போடு. ஒன்று மட்டும் நான் ஒத்துக்கொள்ள வேண்டும். இந்த நாலு வாரக் குளிரை நான் உன் முதுகை வைத்துத்தான் ஓட்டினேன். வாரம் பூராவும் யோசித்து வைத்து ஞாயிற்றுக்கிழமை சொல்ல எனக்கு ஒரு விஷயம் கிடைத்தது, ஒருத்திக்கு நான் உதவுகிறேன் என்று இருந்தது. என் குரலில் கொஞ்சம் உயிர் வந்ததை நீ கண்டுபிடித்திருப்பாய், அதைக் கெடுக்க மனசு வராமல்தான் தேவலை என்றிருப்பாய். நீ அவள் வயிற்றில் பிறந்தவள், வேறெப்படி இருப்பாய்?

அடுத்த ஞாயிறு கூப்பிடும்போது டாக்டர் சொன்னதையும் உனக்கு எங்கே எவ்வளவு வலிக்கிறது என்பதையும் முதலில் சொல். நான் ஒரு யோசனையும் சொல்லமாட்டேன். கைகால் பரபரக்கும், ஆனாலும் வாயை மூடிக்கொண்டு கேட்பேன். இந்தக் கடிதத்தைப் படித்து என்மேல் கோபம் வந்தால் அதையும் சொல், அம்மாவுக்காக யாராவது ஒருத்தர் என்னைத் திட்டத்தான் வேண்டும். கடவுள் உன் கூடவே இருக்கட்டும், நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். பாதத்தைச் சூடாக வைத்துக்கொள், அங்கே மழை அதிகம் என்கிறார்கள். டாக்டரிடம் நேரம் வாங்கியதும் நாளையும் மணியையும் எனக்கு எழுதி அனுப்பு, மறந்துவிடாதே. அம்மா எனக்குப் பயந்து பொய் சொல்லவில்லை அன்னெலி, என்மேல் வைத்த பிரியத்தில் சொன்னாள். நீ என்மேல் அவ்வளவு பிரியம் வைக்காதே, மகளே.

இப்படிக்கு,
உன் அப்பா
வெய்க்கோ