மேடைக்கு முதுகு காட்டியவன்

15 பிப்ரவரி 2007, வியாழக்கிழமை, இரவு 10.40. அல் குசைஸ்.

46. பேத்தியின் பேச்சுப் போட்டி

மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி மீரா, இன்று மாலை முதன்முறையாகப் பள்ளி மேடையில் தமிழில் பேச ஏறினாள். வணக்கம் சொன்னாள், அதற்குமேல் வாய் திறக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துக் கண்கலங்கி நின்றாள்.

கட்டட வேலை நடக்கும் சைட்டிலிருந்து நேராக வந்திருந்த என் மகன் ரவி சட்டென்று எழுந்து, தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மேடைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். எனக்கு ஆத்திரம் வந்தது.

"என்னடா இது, மரியாதை இல்லாம? எல்லாரும் பார்க்கறாங்க."

"சும்மா இருங்கப்பா. தினமும் கார்ல, டிராஃபிக்ல நிக்கறப்பதான் இவ ஒத்திகை. பின் சீட்லேர்ந்து என் மண்டையைப் பார்த்துத்தான் பேசிப் பழக்கம்."

மருமகள் சுதாவும் தன் நாற்காலியைத் திருப்பினாள். மேடையில் மீரா சிரித்துவிட்டாள். பிறகு ஒரு வரி விடாமல் பேசி முடித்தாள்.

பரிசு கிடைக்கவில்லை. ஆனால், குழந்தைக்கு அந்த நேரத்தில் எது வேண்டும் என்று இவ்வளவு துல்லியமாக அறிந்த பெற்றோரை நான் கண்டதில்லை.

மீரா உறங்கியபின் ரவி என் அருகில் வந்து அமர்ந்தான்.

"எப்படிப்பா நின்னா? கையெல்லாம் ஆட்டினாளா?"

அவன் எதையுமே பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் நின்ற விதம், கையசைவு, இறுதியில் குனிந்து வணங்கியது என அனைத்தையும் வரிசையாகச் சொன்னேன்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றான்.