ரொட்டி வாங்கினால் அப்பாவுக்குத் தெரியும்

ஜூன் 3, செவ்வாய்

காது இன்னும் வலிக்கிறது. போர்வைக்குள் எழுதுகிறேன்.

வழக்கமான மருந்துக்கடை இன்று மூடியிருந்தது. அம்மா என்னைப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடைக்குக் கூட்டிப்போனாள். எல்லாரிடமும் கேட்பதையே கல்லாவில் அம்மாவிடமும் கேட்டார்கள்: "டெபிட்டா, கிரெடிட்டா?" அம்மா "டெபிட்" என்றாள். அவளிடம் வேறு பதில் இருந்ததில்லை. வங்கிக் கணக்கு அப்பாவுடையது, கார்டு மட்டும்தான் அம்மா கையில்.

வாசலைத் தாண்டுவதற்குள் ஃபோன் அடித்தது.

"பஸ் ஸ்டாண்டுல என்னடி வேலை உனக்கு?"

அப்பா லாரியில் சோயா ஏற்றிக்கொண்டு சாந்தோஸ் துறைமுகத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் இங்கே, லாரியில் இரண்டு நாள் தூரத்தில், ரொண்டோனோபொலிஸில். அம்மா கார்டை நீட்டினால் அவர் ஃபோன் 'டிங்' என்கிறது. எந்தக் கடை, எவ்வளவு, எல்லாம் வந்துவிடுகிறது. "நீ வாயால சொல்றத நான் நம்ப மாட்டேன். கார்டு பொய் சொல்லாது" என்பார். ஒரு மாதம் லாரியில் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றாக விசாரிப்பார். விசாரிப்பார் என்று எழுதுகிறேன். போன முறை விசாரித்த பிறகு அம்மா பத்து நாள் நீளக்கை சட்டைதான் போட்டாள், அந்த வெயிலிலும்.

பயமாக இருக்கிறது. ஆனால் - இதை யாரிடமும் சொல்ல முடியாது - அந்த 'டிங்'கை நினைத்தால் வாய் பிளந்து நிற்கவும் தோன்றுகிறது. ஒரு சத்தம் எப்படி இத்தனை ஊர்களை ஒரு மூச்சில் தாண்டுகிறது? ஜெபம்கூட இவ்வளவு வேகமாகப் போகுமா?

ஜூன் 7, சனி

எதிர்வீட்டு ஸுலெய்டி அக்கா என்னையும் அம்மாவையும் தன் சலூனுக்குக் கூப்பிட்டார். என் தலைமுடியை வெட்டுவதுபோல வெட்டிக்கொண்டே, அம்மா மடியில் ஓர் உறையைப் போட்டார். அம்மா விண்ணப்பித்து, அவர் வீட்டு முகவரிக்கு வரவழைத்தது. உள்ளே ஒரு கிரெடிட் கார்டு. அதன்மேல் அம்மாவின் பெயர். அப்பாவின் கணக்கோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அம்மா தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். அதுவரை அச்சில் பார்த்ததே இல்லை போல.

ஜூன் 9, திங்கள்

பரீட்சித்துப் பார்த்தோம். ஒரு கொய்யா மிட்டாய்.

"டெபிட்டா, கிரெடிட்டா?"

"கி..."

"என்னம்மா?"

"கிரெடிட்."

வெளியே வந்து மரத்தடியில் ஃபோனைப் பார்த்தபடி நின்றோம். அடிக்கவில்லை. ஒரு பேருந்து போனது. இன்னொன்றும் போனது. அடிக்கவே இல்லை. உலகத்தில் எங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு மிட்டாய்! அம்மா அதை எனக்கே கொடுத்துவிட்டாள். தின்ன முடியாமல் கையிலேயே வைத்திருந்தேன், உருகும்வரை.

ஜூன் 12, வியாழன்

புதுக் கார்டில் பேருந்துச் சீட்டு வாங்கியாயிற்று. ஆறு தவணை. தெற்கே, பெலோட்டாஸ். அம்மாவோடு படித்த இராசெமா அங்கே இனிப்புக் கடை வைத்திருக்கிறாராம். அப்பாவுக்கு அவரைத் தெரியாது.

ஜூன் 14, சனி

பெண்கள் காவல் நிலையத்தில் அம்மா புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள். அப்பா எங்கள் பக்கத்தில் வரக் கூடாது என்று நீதிபதி உத்தரவு போடச் சில நாள் ஆகுமாம். அதுவரை அப்பாவுக்கு எதுவும் தெரியக் கூடாது. ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் அவருக்குக் கூட்டாளிகள் உண்டு.

ஆனால் அம்மா தினமும் அப்பாவின் கார்டில் வாங்கும் காலை ரொட்டி? அந்த 'டிங்' வராவிட்டால் லாரியைத் திருப்பிவிடுவாரே. இதை நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் போனது. அம்மாவோ இன்று சலூனில் உட்கார்ந்து, அந்தக் கார்டை ஸுலெய்டி அக்கா கையில் கொடுத்து, ஏதோ சமையல் குறிப்பு சொல்வதுபோலச் சொல்கிறாள்.

"தெனம் காலையில நாலு ரொட்டிதான், அக்கா. அஞ்சாக்கிடாதே. ஞாயித்துக்கிழமை மட்டும் கூட சீஸ் ரொட்டி. டெபிட்னு சொல்லு. அவரு கார்டுல கிரெடிட் கிடையாது."

"ரகசிய நம்பர் கேக்குமாடி?"

"சின்னக் காசுக்குக் கேக்காது. மெஷின் மேல காட்டினாப் போதும்."

"நாலு ரொட்டிய ஒருத்தி நான் என்ன பண்றது?"

"நாய்க்குப் போடுக்கா."

"உன் புருஷன் காசுல என் நாய் கொழுக்கப் போவுது!"

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வைத்த காவல்காரனைத் தன் வேலைக்காரனாக்கிக்கொண்டாளே! இவள் இத்தனை நாளும் எங்கே இருந்தாள்?

ஜூன் 17, செவ்வாய்

பேருந்தில்.

காலையில் ஒரு நிறுத்தத்தில் அம்மா கழிப்பறை வரிசையில் நின்றாள். ஃபோன் என்னிடம் இருந்தது. அப்பா.

"டாய்னாரா, உங்கம்மா எதுக்குடி கிரெடிட்ல போடறா? 'மறுக்கப்பட்டது'ன்னு வருது. எங்க அவ?"

"அம்மா... அம்மா..." எல்லாம் முடிந்தது, என்னால்தான் முடிந்தது என்று நினைத்தேன். அம்மா வந்து என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு ஃபோனை வாங்கினாள்.

"சொல்லுங்க." கேட்டாள். பிறகு சிரித்தாள். சிரித்தாள்! "இங்க புதுசா ஒரு பொண்ணு நிக்குதுங்க. டெபிட்னு சொல்லச் சொல்ல கிரெடிட்ட அமுக்குது. காதுல பாட்டு மாட்டிருக்கா, எங்க கேக்குது? இருங்க, மறுபடி போடறா."

அப்போது பார்த்து நெடுஞ்சாலையில் ஒரு லாரி ஊதியது.

"அது என்ன சத்தம்?"

"லாரிதான். நம்ம ஊர்ல லாரிக்கா பஞ்சம்?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு ஃபோனுக்குள், தூரத்தில், அப்பாவின் லாரிக்குள் - டிங்.

"ம்" என்று வைத்துவிட்டார்.

அம்மா அப்படியே நடைபாதையில் உட்கார்ந்தாள். சற்று நேரம் கழித்து ஸுலெய்டி அக்கா பதறிப்போய்க் கூப்பிட்டார். கல்லாவில் புதுப்பெண்ணாம், பொத்தானை மாற்றி அமுக்கிவிட்டாளாம்.

"உனக்கெப்படிம்மா தெரிஞ்சது?"

"தெரியாதுடி கண்ணு."

பேருந்து மறுபடி கிளம்பியது. ஜன்னலில் தெரிந்த மலையைவிட அம்மா பெரியவளாகத் தெரிந்தாள்.

ஜூன் 19, வியாழன்

பெலோட்டாஸ். தெற்கே ஜூன்தான் குளிர்காலம்; பேசினால் வாயிலிருந்து புகை வருகிறது! இராசெமா அக்கா கொடுத்த கோட்டின் கை என் முழங்கால்வரை தொங்குகிறது.

ஜூன் 25, புதன்

உத்தரவு வந்துவிட்டது. அம்மா ஃபோன் எண்ணை மாற்றினாள். ஸுலெய்டி அக்கா ரொட்டியை நிறுத்திவிட்டார். இன்று காலை அப்பாவின் ஃபோன் சும்மா கிடந்திருக்கும். அதை நினைத்து ஏனோ என் ரொட்டியைத் தள்ளி வைத்தேன். அவருக்காகவா? தெரியவில்லை.

ஜூன் 28, சனி

அப்பா வீட்டுக்கு வந்தாராம். பூட்டைப் பார்த்துவிட்டு, சலூன் வாசலில் நின்று கத்தினாராம், "அப்ப அந்த நாலு ரொட்டி?"

"என் நாய் தின்னுச்சு தம்பி. உனக்கு நன்றி சொல்லச் சொல்லுச்சு."

சொன்ன அக்காவின் கையில் கத்தரிக்கோல். பின்னால் பாதி முடி வெட்டிய தலைகளோடு மூன்று பெண்கள் எழுந்து நின்றார்களாம். அப்பா லாரியில் ஏறிப் போய்விட்டார். ஃபோனில் இதைச் சொல்லும்போது அக்காவின் குரலும் நடுங்கியது. கார்டை நறுக்கிப் போட்டுவிட்டாராம்.

ஜூலை 12, சனி

இராசெமா அக்கா கடையில் வேலை, அம்மாவுக்கென்று ஒரு சம்பளக் கணக்கு. அதோடு வந்த கார்டில் டெபிட், கிரெடிட் இரண்டும் உண்டு. "தெனச் செலவுக்கு டெபிட். இருக்கிற காசுக்குள்ள வாழ்ந்துக்கலாம். கிரெடிட்ட பஸ் தவணை முடியிறவரை தொடக் கூடாது" என்றாள். யாராவது செலவு செய்தால் ஃபோன் ஒலிக்க வேண்டுமா என்று வங்கி கேட்டது. அம்மா 'வேண்டாம்' என்பதை அமுக்கிவிட்டு என்னிடம் கார்டைக் கொடுத்து ரொட்டி வாங்கி வரச் சொன்னாள்.

வாங்கிக்கொண்டு, வீட்டுக்குத் திரும்பாமல் எதிர்ப்பக்கம் நடந்தேன். சும்மா. பெயர் தெரியாத ஒரு தெரு, அப்புறம் இன்னொன்று. ஒரு வீட்டில் யாரோ அக்கார்டியன் பழகிக்கொண்டிருந்தார்கள், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப. அது முடியும்வரை நின்றேன். நான் எங்கே இருக்கிறேன் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரு அவ்வளவு அகலமாக இருந்தது.

இருட்டும்போதுதான் வீட்டுக்கு வந்தேன். அடுப்படியில் அம்மா பாகு கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"ரொட்டி ஆறிடுச்சா?" என்றாள்.

அது ஒன்றைத்தான் கேட்டாள்.