எமிலியாவின் அப்பா

2023 பெப்ரவரி 6, திங்கள். இக்காஸ்ட், டென்மார்க்.
காலை வேலை. முதியோர் இல்லத்தில் இருவருக்குக் காய்ச்சல். எமிலியாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது திடீரென்று சொன்னார்: "செல்வமலர், என்ரை அப்பா கடலிலை சாகேல்லை." இவ்வளவு நாளும் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்.
1941இல் தாங்களாகவே போய் ஜேர்மன் இராணுவத்தில் சேர்ந்த டேனிஷ்காரர்களில் அவரும் ஒருவராம். ரஷ்யாவில் செத்தாராம். யுத்தம் முடிந்ததும், ஒன்பது வயது எமிலியாவை ஆசிரியர் ஒரு மாதம் வகுப்பில் உட்கார விடவில்லை. நின்றபடியே படிப்பு.
"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை பிள்ளை. கத்தரீனாவுக்கு முக்கியமாய்."
கத்தரீனா பக்கத்து அறை. எட்டு வருடச் சிநேகிதம். கத்தரீனாவின் அண்ணனை அந்த யுத்தத்தில் ஜேர்மன்காரர் சுட்டுக் கொன்றார்கள்.

பெப்ரவரி 8
கோப்பி குடிக்கும்போது கூட வேலை செய்யும் ரொஷானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? கதை நல்லாயிருந்தது. அவ்வளவுதான்.

பெப்ரவரி 9
கத்தரீனாவுக்கு மருந்து கொடுக்கும்போது ரொஷான் சொல்லியிருக்கிறான், ஒன்றும் விடாமல். "அவவுக்குத் தெரியுமெண்டெல்லோ நினைச்சன் அக்கா."

பெப்ரவரி 10
மத்தியானச் சாப்பாடு. எமிலியா வழமைபோல் வந்து அமர்ந்தார். கத்தரீனா கரண்டியை வைத்தார். சத்தம் போடவில்லை.
"எழும்பு. நான் சாப்பிட்டு முடியுமட்டும் நில். பழக்கம்தானே உனக்கு."
மேசையில் பன்னிரண்டு பேர். எண்பத்தேழு வயது மனுசி, நடைவண்டியைப் பிடிச்சுக்கொண்டு எழும்பினா. எழும்பினா! நான் உருளைக்கிழங்குச் சட்டியோடை பாத்துக்கொண்டு நிண்டன். ஒரு சொல்லு சொல்லியிருக்கலாம் — சொல்லேல்லை.
கத்தரீனா அவசரமில்லாமல் ஆறுதலாகச் சாப்பிட்டார். இனிப்பும் கேட்டு வாங்கினார்.

பெப்ரவரி 14
எமிலியா அறையை விட்டு வருவதில்லை. தட்டு அப்படியே திரும்புகிறது. மன்னிப்புக் கேட்கப் போனேன். சுவரைப் பார்த்தபடி, "வேறை ஆரையும் அனுப்பு" என்றார்.

பெப்ரவரி 21
தண்ணீரும் வேண்டாமாம்.

மார்ச் 2
எமிலியா விடியற்காலையில் காலமானார். காரணம் முதுமை என்று எழுதினார்கள். நானும் தலையாட்டினேன்.

மார்ச் 9
கத்தரீனா இப்போது என்னைத்தான் கேட்டுக் கூப்பிடுகிறார். இன்று தலை வாரிவிட்டேன்.
"நீ நல்ல பிள்ளை. உங்கடை நாட்டிலையும் சண்டைதானே? உங்கடை வீட்டிலை ஆரும் துவக்குத் தூக்கினவையோ?"
என் அண்ணை தொண்ணூறாம் ஆண்டு தானாகவே இயக்கத்துக்குப் போனவர். உடல்கூட வரவில்லை.
"இல்லை" என்றேன். "எனக்குக் கூடப்பிறந்தவை ஒருத்தருமில்லை."
கத்தரீனா திருப்தியாகக் கண்ணை மூடினார். மற்றப் பக்கமும் வாரச் சொன்னார். வாரினேன்.