பத்துக்கு எட்டு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். உன் அம்மா சுகம்தான், முழங்கால் வலி மட்டும் மாடிப்படியைப் பார்த்தாலே வந்துவிடுகிறது. என் சுகத்தைக் கடிதம் முடிவதற்குள் நீயே தெரிந்துகொள்வாய். நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, அந்தச் சளி விட்டதா என்று தெரிந்துகொள்ள மனசு அடித்துக்கொள்கிறது. போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பாய். நம் வீட்டுப் போன் என் கைக்கு எங்கே வருகிறது? மணி அடித்ததும் உன் அம்மா எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், நாம் பேசுவது அடுப்படிக்கும் கேட்கிறது, கீழ்வீட்டு அக்காவுக்கும் கேட்கிறது. ஆபீஸ் போனில் பேசலாம் என்றால் அங்கே பேசுவதையெல்லாம் பதிவு செய்கிறார்கள். அதனால் சாப்பாட்டு இடைவேளையில் சர்வீஸ் சென்டருக்குப் பின்னால், செத்துப்போன வாஷிங் மெஷின்களை அடுக்கியிருக்கும் இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு மெஷினின் மூடிதான் மேஜை, எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன் குட்டி. என்னை வெளிவேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி வீடு வீடாகப் போய் ஃப்ரிட்ஜ் பார்ப்பது, மெஷின் பார்ப்பது எதுவும் எனக்குக் கிடையாது. என் கருவிப் பையை ஸ்டோரில் வைத்துப் பூட்டிவிட்டு, காதில் மாட்டும் போனைக் கொடுத்து ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். திருடினேனா, யார் மேலாவது கைநீட்டினேனா, ஒன்றும் இல்லை. எல்லாம் இந்த மார்க்கால் வந்த வினை. நாங்கள் ஒரு வீட்டில் வேலையை முடித்துவிட்டு வந்ததும் கம்பெனியிலிருந்து அந்த வீட்டுக்குப் போன் போகும், வந்தவரின் வேலைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் கொடுப்பீர்கள் என்று கேட்பார்கள், இது உனக்குத் தெரியும். முன்பெல்லாம் அது ஒரு சம்பிரதாயம், யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. இந்தப் புது மேனேஜர் வந்த பிறகு சட்டமாகிவிட்டது. பத்தும் ஒன்பதும் பச்சை. எட்டும் அதற்குக் கீழே எதுவும் சிவப்பு. எட்டு வாங்கினாலும் ஒன்று வாங்கினாலும் ஒரே சிவப்புதான். மூன்று சிவப்பு விழுந்தால் ஆளை வெளியே அனுப்ப மாட்டார்கள். நாங்கள் மேனேஜருக்கு வைத்திருக்கும் பெயரே பத்துக்குப்பத்து. மார்க்கைப் பற்றி வாடிக்கையாளரிடம் மூச்சுவிடக் கூடாது என்றும் ஒரு சட்டம் உண்டு. ஒருநாள் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார், "மார்க் போடுங்கன்னு கேக்கவே கூடாது சார், ஆனா பத்து வாங்காம வரவும் கூடாது." எங்கள் கூட்டத்தில் தாடி என்று ஒருவன் இருக்கிறானே, அவன் கெட்டிக்காரன். வேலை முடிந்து கிளம்பும்போது கும்பிடுகிற மாதிரி கையைத் தூக்கிப் பத்து விரலையும் விரித்து ஆட்டிவிட்டு வருவான். வாயால் கேட்கவில்லையே, யார் என்ன சொல்ல முடியும்? எனக்கு அந்த விரல் வித்தை வரவில்லை, இந்த வயதில் வாசலில் நின்று ஆட்டம் காட்டவும் கூச்சமாக இருந்தது.

முதல் சிவப்பு ஒரு ஆஸ்பத்திரி நர்ஸம்மாவால் வந்தது. அந்தம்மாவிடம் ஆபீஸில் காலையில் ஆள் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள், என்னிடம் சாயங்காலம் போகச் சொன்னார்கள். பாவம், ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டு வந்து தூங்காமல் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்திருக்கிறாள். கதவைத் திறந்ததும் பிடித்துக்கொண்டாள், "எங்களையெல்லாம் மனுஷங்களா நெனைக்கறீங்களா இல்லையா?" என்று. அவள் கத்தியதில் தப்பே இல்லை. இரண்டாவது சிவப்பு ஒரு தையல்காரர் வீட்டில். வாஷிங் மெஷினுக்கு மோட்டார் மாற்ற வேண்டும், கம்பெனியிலிருந்து புது மோட்டார் வந்தால்தான் முடியும் என்று நான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மேனேஜர் அவருக்குப் போன் செய்து நாளைக்கே சரியாகிவிடும் என்று வாய்கூசாமல் சொல்லிவிட்டார். மறுநாள் நான் வெறும் கையோடு போய் நின்றால் அந்த மனுஷன் ஏன் பத்து போடுகிறார்? இதையெல்லாம் மேனேஜரிடம் சொன்னேன். "நீங்க சொல்றது புரியுது சார், ஆனா மார்க் உங்க பேர்லதான விழுது" என்றார். மேனேஜர் கெட்டவர் இல்லை குட்டி, அவர் தலைக்கு மேலேயும் ஒருவர் உட்கார்ந்து இதே சிவப்பை அவருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் என்னைக் கவிழ்த்தது. ரிட்டயரான கணக்கு வாத்தியார் ஒருவர், தனியாக இருக்கிறார், வீட்டில் அவரும் ஒரு பழைய ஃப்ரிட்ஜும்தான். அது லாரி மாதிரி சத்தம் போடுகிறது என்று புகார். நான் வேலை செய்து முடிக்கிறவரை பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பரீட்சை மேற்பார்வை செய்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். இது எதற்கு, அது எதற்கு என்று கேள்வி வேறு. எனக்கு எரிச்சலே வரவில்லை, கேட்கிற மனுஷன் கிடைத்தால் எனக்கும் பேச ஆசைதானே. சத்தம் நின்றதும் காதைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜில் வைத்துக் கேட்டுவிட்டு "பரவாயில்லையே" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு அவருக்கு எவ்வளவு சிரமமாக இருந்தது என்று முகத்தில் தெரிந்தது, அவ்வளவு சிக்கனம். நான் சந்தோஷமாக வந்தேன். மறுநாள் மேனேஜர் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். எட்டு. சிவப்பு.

மேனேஜருக்கே மனசு கேட்கவில்லை போல, "நீங்களே ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க சார், அவரா கம்பெனிக்குப் போன் பண்ணி மாத்திச் சொல்லிட்டார்னா நான் பாத்துக்கறேன், ஆனா நான் அனுப்பினேன்னு சொல்லிடாதீங்க" என்றார். வழியெல்லாம் எப்படிக் கேட்பது என்று எனக்குள்ளேயே பேசிக்கொண்டு போனேன். கதவைத் திறந்ததும் வாத்தியாருக்குத் தலை கால் புரியவில்லை. உள்ளே இழுத்து உட்காரவைத்து, தானே டீ போட்டுக் கொண்டுவந்து, "உங்க கம்பெனியிலேருந்து கேட்டாங்க, யோசிக்கவே இல்ல, எட்டுன்னு சொல்லிட்டேன்" என்றார். என் முகத்தையே பார்க்கிறார், நான் சந்தோஷப்படுகிறேனா என்று. அவருடைய சர்வீஸ் முழுக்க எட்டுக்கு மேல் யாருக்கும் போட்டதில்லையாம், சொந்தத் தம்பி அவரிடமே படித்தானாம், அவனுக்கே ஆறுதானாம், அந்தக் கோபத்தில் தம்பி இன்றுவரை சரியாகப் பேசுவதில்லையாம். நான் சிரித்துக்கொண்டே, ஏன் சார், பத்து போட்டால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று கேட்டுப் பார்த்தேன். "பத்து போட்டுட்டா அப்புறம் அந்த ஆளு என்னத்துக்கு வேலை கத்துக்கணும்? பத்து போடறவன் பாக்காம போடறவன்" என்றார். சார், நீங்கள் கொடுத்த எட்டால் என் வெளிவேலை போகிறது என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன் சொல்லு? இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து மார்க் போட்டது அந்த மனுஷன் ஒருவர்தான். டீயைக் குடித்துவிட்டு, ரொம்ப நன்றி சார் என்று எழுந்து வந்துவிட்டேன். மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னேன், அது அவர் கொடுக்கிற உயர்ந்த மார்க் சார் என்றேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே "அத சிஸ்டத்துக்கு எப்படி சார் சொல்றது?" என்றார்.

அதிலிருந்து நாற்காலிதான். ஒரு பக்கம் ஜெராக்ஸ் மெஷின், இன்னொரு பக்கம் தண்ணீர் கேன், நடுவில் நான். என்ன பேச வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதி எதிரே ஒட்டி வைத்திருக்கிறார்கள், அதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசக் கூடாது, பேரைச் சொல்லக் கூடாது. ஃப்ரிட்ஜ் ஓடவில்லை என்று அழுகிறவர்களிடம், உங்கள் புகார் சரிசெய்யப்பட்டதாக உள்ளது என்று படிக்க வேண்டும். ஓடவில்லை என்று அவர்கள் சொல்வது நிஜம் என்று எனக்குத் தெரியும், ஸ்க்ரீனுக்குத் தெரியாது. "நீ மனுஷனா மெஷினா?" என்று ஒருவர் கேட்டார், அதற்குப் பதில் ஒட்டிவைத்த காகிதத்தில் இல்லை. கை சும்மா இருந்து பழக்கமில்லாமல் விரலெல்லாம் மரத்துப்போகிறது.

உன் அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. முதல் நாள் சட்டையில் ஒரு கறை இல்லாமல் நேரத்தோடு வீட்டுக்குப் போனேனா, என்ன ஆச்சு என்று பதறிவிட்டாள். அந்தப் பதற்றத்தைப் பார்த்ததும் எனக்கு ப்ரமோஷன், இனி உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று வாயில் வந்துவிட்டது. அவள் அழுதேவிட்டாள். இந்த மனுஷன் கனத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறாரே, எங்கே விழுந்து வைப்பாரோ என்று இத்தனை நாள் பயந்துகொண்டே இருந்தாளாம். மறுநாள் பொழுது விடிவதற்குள் கீழ்வீட்டு அக்காவுக்குச் சேதி போயாயிற்று. உன் மாமா போன் செய்து, "என்ன அத்தான், ஆபீஸராயிட்டீங்க, இனிமே எங்களயெல்லாம் கண்ணு தெரியுமா?" என்கிறான். அம்மா தினமும் சட்டையைத் தேய்த்து நாற்காலியில் மாட்டி வைக்கிறாள். அதைப் போட்டுக்கொள்ளும்போது எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

இந்த வாரம் அந்த வாத்தியார் போன் செய்தார். என் காதிலேயே வந்து விழுந்தது. ஃப்ரிட்ஜ் மறுபடி தகராறாம். நான் படிக்க வேண்டியதைப் படித்தேன். என் குரல் அவருக்குப் பிடிபடவில்லை, ஒட்டி வைத்ததைப் படிக்கும்போது எல்லோர் குரலும் ஒன்றாகத்தானே இருக்கும். "போன தடவை வந்தாரே, எட்டு மார்க் வாங்கினவர், அவரையே அனுப்புங்க, வேற யாரும் வேண்டாம்" என்றார். அவர் தற்போது அந்தப் பகுதியில் இல்லை என்று படித்தேன். மனுஷன் விடவில்லை, ஏன், என்ன ஆயிற்று, உடம்பு ஏதாவது சரியில்லையா என்று கேட்கிறார். காகிதத்தைப் பார்க்கிறேன், அதற்கு ஒன்றும் எழுதவில்லை. அவருக்கு ப்ரமோஷன் கிடைத்துவிட்டது சார் என்றேன். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, குழந்தை மாதிரி. "எனக்குத் தெரியும்! நான் போட்ட மார்க்குதான்! ரொம்ப சந்தோஷப்பட்டேன்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்றார். சொல்கிறேன் சார் என்றேன். கடைசியில் என்னோடு பேசியதற்கு எத்தனை மார்க் என்று நானே கேட்க வேண்டும், அதுவும் சட்டம். கேட்டேன். "உங்க பேச்சுல உயிரே இல்லயேப்பா, அஞ்சு போட்டுக்கங்க" என்றார். போட்டுக்கொண்டேன்.

சொன்னதைக் கேட்டுச் சிரித்துக்கொள், எனக்கும் ஒரு நிமிஷம் சிரிப்புதான் வந்தது. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது உன் ஞாபகம் வந்தது. நீயும் போன மாதம் இப்படித்தானே ஒரு சேதி சொன்னாய்? கடையில் வாடிக்கையாளர் மேஜையிலிருந்து என்னை எடுத்து உள்வேலையில் போட்டிருக்கிறார்கள், பெரிய பொறுப்பு, ப்ரமோஷன் மாதிரிதான் அப்பா என்றாய். அம்மா எதிரே இருந்ததால் நானும் கை தட்டினேன். இரண்டு பேரிடம் அதே வார்த்தையைச் சொன்ன பிறகுதான் அதைச் சொல்லும்போது குரல் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரிகிறது. நீ அன்றைக்குச் சிரித்தது உன் சிரிப்பே இல்லை குட்டி. அதற்குப் பிறகு நீ ஒரு நாளும் அங்கே நடந்த வேடிக்கையைச் சொல்லவில்லை, கோபக்கார வாடிக்கையாளர் மாதிரி பேசிக் காட்டவில்லை, மேனேஜரைத் திட்டவும் இல்லை. மேனேஜரைத் திட்டாத பெண்ணை நான் பெறவில்லையே. நிஜமாகவே ப்ரமோஷன் என்றால் இந்தக் கிழவனை மன்னித்துவிடு, நான் சந்தோஷமாகத் தோற்றுப்போகிறேன். இல்லையென்றால் நடந்ததை அப்படியே எழுது. யார் என்ன சொன்னார்கள், நீ என்ன சொன்னாய், வேலை இருக்கிறதா, இல்லையா, எதுவாக இருந்தாலும். நான் திட்ட மாட்டேன், அறிவுரை சொல்ல மாட்டேன், எனக்கு அந்த யோக்கியதையும் இல்லை. வந்துவிடுகிறேன் என்று ஒரு வரி எழுதினால் போதும், ஸ்டேஷனில் வந்து நிற்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், வெறும் வயிற்றில் டீ குடித்தே பொழுதை ஓட்டாதே, தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. எந்த ஊர் மார்க்கும் எட்டாத உயரத்தில் நீ நன்றாக இருக்க வேண்டும், நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும் என்று மனசார ஆசீர்வதிக்கிறேன். பதிலை வீட்டுக்கு அனுப்பாதே, சர்வீஸ் சென்டர் விலாசத்துக்கே அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா எதிரே என் ப்ரமோஷனைப் பற்றி இரண்டு வார்த்தை நன்றாகக் கேள், நானும் உன்னுடையதைப் பற்றிக் கேட்கிறேன். நாம் இருவரும் சிரித்துப் பேசுவோம், அவள் கேட்டுச் சந்தோஷப்படட்டும். நிஜத்தை எனக்கு எழுது.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அப்பா