மாடி அறைப் பெண்ணுக்கு நான் எழுதிய நற்சான்று

பிப்ரவரி 28, சனி

பேப்பர் போடுகிறவர் இன்றும் ஈரத்தில் எறிந்துவிட்டுப் போனார். புகார் எழுதிக் கையில் கொடுத்தேன், நகல் என்னிடம் இருக்கிறது.

மாலையில் மாடி வாடகைக்கார நர்ஸ் வந்தாள். மகளுக்கு இந்த வாரம் பதினெட்டு முடிந்துவிட்டது. இதுவரை தாயின் வேலை விசாவை ஒட்டி, அவளைச் சார்ந்திருக்கும் பிள்ளை என்ற தற்காலிக விசாவில் இருந்தாள். பதினெட்டுக்குப் பிறகு அதை நீட்டிக்கத் தனி விண்ணப்பமாம். வீட்டுக்காரர் கடிதமும் வேண்டுமாம்.

"ரெண்டு வரி போதும்மா. நாங்க இங்கதான் குடியிருக்கோம்னு."

இரண்டு வரியா! முப்பத்தொரு வருடம் மேலாளரின் செயலாளராக இருந்து, வேலையை விட்டுப் போன அத்தனை பேருக்கும் நற்சான்று எழுதியவள் நான்.

மார்ச் 1, ஞாயிறு

முழுப் பக்கம் வந்தது. கான்வென்டில் சிஸ்டர் கற்றுத்தந்த வரிசை: நடத்தை, திறமை, தன்னம்பிக்கை. "தாய் மருத்துவமனை விடுதியில் தங்கும் வாரத்தின் நான்கு இரவுகளும் இவள் மாடியில் தனியாகவே வாழ்கிறாள். எதற்கும் யாரையும் எதிர்பார்ப்பதில்லை. தன் காலில் நிற்பவள்." ஒரு பிழை இல்லை.

நர்ஸ் படிக்காமலே உறையில் போட்டாள். "நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்மா."

மார்ச் 20, வெள்ளி

நிராகரித்துவிட்டார்கள். காரணம் என்ற இடத்தில் என் வாக்கியங்கள், மேற்கோள் குறிகளோடு. மனுதாரர் தாயைச் சார்ந்து வாழவில்லை, வீட்டு உரிமையாளரே அதை உறுதி செய்கிறார் — இப்படி.

இருபத்தெட்டு நாளில் அந்தப் பெண் மட்டும் நாட்டை விட்டுப் போக வேண்டும். எங்கே போவாள்? பதினொரு வயதில் வந்தவள். தகப்பன் இறந்த பிறகுதான் இவர்கள் கிளம்பியதே. சொந்த ஊரில் அவளுக்குக் கதவு திறக்க ஓர் ஆள் கிடையாது.

நர்ஸ் அந்த உத்தரவை என் மேஜையில் வைத்துவிட்டு மாடியேறிப் போனாள். திட்டியிருந்தால் தேவலை.

என் கணவர் உயிரோடு இருந்திருந்தால், "ரெண்டு வரி கேட்டா ரெண்டு வரி குடேன்" என்றிருப்பார்.

மார்ச் 21, சனி

என் கடிதத்தின் நகலை மறுபடி படித்தேன். ஒரு வரியும் தப்பில்லை. அப்புறம் ஏன் அதையே மூன்றாம் தடவையும் படிக்கிறேன்?

மார்ச் 22, ஞாயிறு

பெண் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆன்ட்டி, நான் எதுக்கும் யாரையும் எதிர்பார்க்க மாட்டேனா? கரப்பான் பூச்சிக்கு பயந்து கட்டில்மேல ஏறி நின்னு அம்மாவுக்கு வீடியோ கால் போட்டவ நான்."

சிரித்தாள். பிறகு அழுதாள். இஸ்திரி போட்ட கைக்குட்டை ஒன்று கொடுத்தேன். வேறென்ன கொடுக்க?

மார்ச் 23, திங்கள்

நர்ஸ் லீவு போட்டு என்னையும் வக்கீலிடம் அழைத்துப் போனாள். முப்பது வயது இருக்கும், டை கோணல். மறுபரிசீலனை ஏப்ரல் எட்டாம் தேதி. அவருடைய யோசனை: அந்தக் கடிதம் எழுதியபோது எனக்கு நினைவுத் தடுமாற்றம் என்று டாக்டரிடம் ஒரு சான்று வாங்கிவிடலாம்.

"வயசானவங்கதானே மேடம், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"தம்பி, இந்த ஒரு மணி நேரத்துல என் பேரை நீங்க மூணு விதமா எழுதியிருக்கீங்க. இதுல யாருக்குத் தடுமாற்றம்?"

நர்ஸ் என் முழங்கையைப் பிடித்தாள். "அம்மா... ஒரே ஒரு கையெழுத்து."

போட முடியாது என்றேன். நேரில் வந்து பேசுகிறேன் என்றேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மார்ச் 27, வெள்ளி

வாரம் முழுக்க விடுதியிலிருந்து எனக்கு ஒரு போன் இல்லை. இன்று வந்ததும் வாசலிலேயே வெடித்தாள்.

"உங்களுக்கு உங்க மானம் பெரிசு. எனக்கு இருக்கிறது ஒரே பொண்ணு."

கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன்.

மானந்தான். ஆமா, மானந்தான். எழுபத்துநாலு வயசுல எனக்குன்னு வேற என்ன மிச்சம் இருக்கு? புத்தி பிசகிடுச்சுன்னு நானே எழுதிக் கொடுக்கணுமா? ஆனா அந்தப் பொண்ணு போயிட்டா?

மார்ச் 31, செவ்வாய்

பெண்ணிடம் அனுமதி கேட்டு மாடிக்குப் போனேன். "இன்ஸ்பெக்‌ஷனா ஆன்ட்டி?" என்றாள். எனக்கு அங்கே 'இன்ஸ்பெக்டர்' என்று பட்டப்பெயர் என்பது தெரியும். நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன்.

ஃப்ரிட்ஜில் நாலு நாள் சாப்பாடு, டப்பா டப்பாவாக. மருந்துப் பாட்டிலில் ஒட்டுகிற மாதிரி ஒவ்வொன்றிலும் சீட்டு: 'செவ்வாய் இரவு. சுட வைத்துச் சாப்பிடு. மிச்சம் வைக்காதே.' சுவரில், போன மாதக் காய்ச்சலுக்கு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்த சூட்டளவு, விடுதியிலிருந்து தாய் கேட்டுக் கேட்டு இவள் எழுதியது. போனில் தினமும் காலை ஐந்தரைக்குத் தாயின் அழைப்பு. ராத்திரி பாடம் ஒப்பிக்க இன்னொன்று.

மூன்று வருடமாக இந்த அறைக்குள் நான் வந்ததே இல்லை. பார்க்காததற்குச் சான்று கொடுத்திருக்கிறேன். வாழ்நாளில் முதல் தடவை — முதல் தடவைதானா?

ஏப்ரல் 8, புதன்

அதிகாரி ஒரு பெண். முதல் கேள்வியே என்னிடம்.

"உங்க லெட்டர் தப்புன்னு சொல்றீங்களா?"

"தப்பு. பார்க்காம எழுதினேன். மறதி இல்ல, கர்வம்."

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். என் நோட்டைக் கொடுத்தேன், தேதி, நேரம், டப்பாச் சீட்டு எல்லாம். பக்கம் பக்கமாகப் படித்தாள்.

"அப்போ இந்தப் பொண்ணுக்குத் தன்னால எதுவும் முடியாதா?"

"எல்லாம் முடியும். தன் துணியைத் தானே துவைச்சுக்கிற பொண்ணுக்கு அம்மா தேவையில்லன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

"மேடம், கேள்வி கேட்கிறது நான்."

"கேளுங்க. எனக்கு வேற வேலை இல்ல."

கேட்டாள். முக்கால் மணி நேரம். ஒன்றுக்கும் நான் குரலைத் தாழ்த்தவில்லை. வெளியே படி இறங்கும்போது நர்ஸ் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 13, திங்கள்

கொடுத்துவிட்டார்கள்! ஒரு வருடத்துக்கு. அடுத்த ஏப்ரலில் மறுபடி நிரூபிக்க வேண்டுமாம், இவள் தன் தாய்க்கு மகள்தான் என்று. வரட்டும், என் பேனாவில் மை இருக்கிறது.

நர்ஸ் ராத்திரி ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு மெதுவாக, "சாவியை எப்ப குடுக்கணும்மா?"

நிபந்தனை இருக்கிறதாம். வாரம் ஏழு நாளும் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். மருத்துவமனைக்கு அருகிலேயே வீடு பார்த்துவிட்டாள்.

நியாயமான நிபந்தனை. அதையும் சொல்லிவிட்டேன்.

மே 2, சனி

காலை பத்து மணிக்கு வண்டி வந்தது. பதினொன்றே காலுக்குப் போயிற்று.

மே 9, சனி

அறையைக் கேட்டு ஒரு வங்கிக்காரர் வந்தார். தனி ஆள், மரியாதையான பேச்சு, செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்தார். இன்னும் வெள்ளையடித்து முடியவில்லை என்று அனுப்பிவிட்டேன்.

புதன்கிழமையே முடிந்துவிட்டது.