இரண்டு இடத்தில் என் பெயர்

கீழத்தெரு,
மன்னார்குடி வட்டம்.
9.2.2003

சிங்கப்பூரில் இருக்கும் அன்பு மகன் பகலவனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுத மனசு வரவில்லை. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதம் வந்தது. அக்காவை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறாய். பெற்ற அப்பனைப் போலீசில் பிடித்துக் கொடுத்தவள் என்று தெருவே காறித் துப்புகிறது. நீயும் சேர்ந்துகொண்டாயா? நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

மதகைத் திறந்தவன் நான்தான். நம் தெரு வயலெல்லாம் பால் பிடிக்கிற நேரத்தில் தரை வெடித்துக் கிடந்தது. ஆற்றில் வந்த கொஞ்சத் தண்ணீரை ஊருக்கு ஊர் முறை வைத்து விட்டார்கள். நம் முறைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. முப்பது வருஷம் மதகு காத்த லஸ்கர் அல்லவா நான்? மதகைச் சுற்றித் திறக்கக் கொல்லரிடம் சொந்தமாக அடித்து வைத்த கைப்பிடி பரணில் கிடந்தது. இப்போதைய லஸ்கர் பஞ்சநதம் மத்தியானம் சாப்பிடப் போன நேரம் பார்த்துச் சுற்றிவிட்டேன்.

தங்கள் முறைத் தண்ணீர் நின்றதும் பக்கத்து ஊர்க்காரர்கள் ஓடி வந்தார்கள். கைகலப்பில் அந்த ஊர் வீரையன் மண்டை உடைந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள் அவனுக்கு. நினைத்தால் சோறு இறங்கவில்லையடா. நமக்கும் பாதி வயலுக்குத்தான் தண்ணீர் ஏறியது. அத்தனையும் பதர்.

அன்று சாயங்காலம் உன் அக்கா தமிழ்நிலா வந்தாள். இந்தப் பாசனப் பிரிவுக்கு வந்த முதல் பெண் இன்ஜினியர். புடவையோடு மதகில் ஏறுவாயாம்மா என்று சிரித்தவர்கள் முன்னால் ஏறி நின்றவள். இன்ஜினியர் ஜீப்பைக் கண்டால் துண்டை இடுப்பில் கட்டி நின்றவன் நான், அந்த ஜீப்பில் என் மகள்! திறந்தது நீங்களாப்பா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மகள்தானே, மறைத்துவிடுவாள் என்ற தைரியம். யாரோ திறந்துவிட்டார்கள் என்று எழுதும்மா என்று தெருவே கெஞ்சியது. அப்போ பஞ்சநதம் வேலை போயிடுமே என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் ஸ்டேஷனில் ஏட்டையா மனுவை வாசித்தார். புகார் கொடுப்பவர் தமிழ்நிலா, தகப்பனார் பெயர் வைரக்கண்ணு. மதகைத் திறந்தவர் வைரக்கண்ணு. அங்கே நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒரே தாளில் என் பெயரை இரண்டு இடத்தில் எழுதியிருந்தாள். கையெழுத்து எங்கும் கோணவில்லை. எப்படித்தான் எழுதினாளோ என் பொண்ணு!

நீ ஏற்பாடு செய்த வக்கீல் வந்தார். மகள் சொல்லித்தான் திறந்தேன்னு சொல்லுங்க, தப்பிச்சிடலாம் என்றார். உன் யோசனையாம். நல்ல யோசனைடா! என்னை வெளியே எடுக்க அவளை உள்ளே தள்ளுவாயா? அவள் வேலை போனால், கீழத்தெருப் பொம்பளையை உட்கார வைத்தால் இப்படித்தான் என்பார்கள். அடுத்து வருகிற பெண்ணையும் அந்த நாற்காலியில் உட்கார விடமாட்டார்கள். வக்கீலை அனுப்பிவிட்டேன்.

முதல் சாட்சி அவள்தானாம். கூண்டேறி, இவர்தான் என்று அவள் என்னைக் கை காட்டக் கூடாது. அதற்கு முன்பே ஜட்ஜிடம் நானே ஒப்புக்கொள்ளப் போகிறேன். எத்தனை மாதம் போட்டாலும் போடட்டும்.

மன்னார்குடியில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருக்கிறாள். அம்மா அவளோடு பேசுவதில்லை. சாட்சியோடு நான் பேசக் கூடாது என்று ஜாமீனில் விட்டபோதே நிபந்தனை போட்டிருக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ அவளுக்குப் போன் செய். சாப்பிட்டாயா அக்கா என்று கேள். அப்பா கேட்கச் சொன்னார் என்று சொல்லாதே. சொன்னால்தான் என்ன, சொல்லு.

பிள்ளைகள் இரண்டு பேரும் நன்றாக இருங்கள்.

உங்கள் இருவருக்கும் அப்பன்,
வைரக்கண்ணு